எங்கள் வீட்டுக் கடல் செத்த கோடை

எங்கள் ஊரில் தண்ணீர் உப்பு. போர் போட்டாலும் உப்பு, கிணறு வெட்டினாலும் உப்பு. அதைக் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பல்லில் காவிக் கறை இருக்கும். சிரிக்கும்போது கை தானாக வாயை மறைக்கப் போகும். இப்படிப்பட்ட தருமபுரியில், காசு கொடுத்து ஆர்.ஓ. மெஷின் வாங்கித் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டு, மறுபடியும் காசு கொடுத்து உப்பு வாங்கி அதே தண்ணீரில் கலக்கிக் கூடத்தில் வைத்திருக்கும் ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். உள்ளே கம்பிச்சுருள் எரிந்துபோன போர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். ஒருமுறை பெங்களூரில் ஒரு பெரிய அடுக்குமாடி வீட்டுக்கு மோட்டார் பார்க்கப் போனவர், அங்கே வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சோறு தின்றதே அவருக்குத் தெரியாது. “ரெண்டு ஆரஞ்சு மீனு, பூ மாதிரி இருக்கற ஒண்ணுக்குள்ள போயிப் படுத்துக்குது தெரியுமா?” என்று என்னிடம் சொன்னார். எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்த மீன், மண்சட்டியில் கொதிப்பதுதான்.

எங்கள் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் அவள் மேசை கிடந்த இடத்தில் மூன்றடி நீளத் தொட்டி வந்து உட்கார்ந்தது. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கலெக்டர் ஆபீஸில் எழுத்தர் வேலை. அங்கே நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் சேர்த்து வீட்டில் பேசிவிடுவேன். தொட்டியைத் திட்டினேன், உப்பு மூட்டையைத் திட்டினேன், கரண்ட் பில்லைத் திட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கடையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர், தொட்டி வந்த பிறகு விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் வீட்டில் இருந்தார். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத் தொட்டி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு இறால், மீனின் செவுளுக்குள் நுழைந்து அழுக்கு எடுத்துவிடும். நத்தைகள் கண்ணாடியை நக்கித் துடைத்துக்கொண்டே இருக்கும். நானும் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அப்போதுதான்.

கடல் தொட்டியில் ஒரு விவகாரம் உண்டு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நின்றுவிடும். அதனால் குறைகிற அளவுக்கு தினமும் நல்ல வடிகட்டின தண்ணீரை, உப்பில்லாமல், ஊற்றிச் சமன்செய்ய வேண்டும். அதற்காகக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கோடை வந்துவிட்டால் ஒரே நாளில் விரற்கடை அளவு இறங்கிவிடும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. காலையில் ஆபீஸ் போகிற அவசரத்தில் கேனைச் சாய்த்து ஊற்றிவிட்டு ஓடுவேன். நான் மறந்தால் அவர் ஊற்றுவார்.

அந்த மாசிக் கடைசியில்தான் அம்மா எங்களிடம் வந்தாள். அப்பா இறந்து வெகுநாளாகிறது. அரூர்ப் பக்கம் ஊரில் என் அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்கு என்று இருந்தது மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு மூலையும், கறக்க இரண்டு மாடும். முட்டி தேய்ந்துபோன காலோடு புல்லுக்கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தாள். கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டாள் என்று அண்ணி ஒரு நாள் ஆடித் தீர்த்ததில், அண்ணன் ஒரு பையும் கையுமாக அவளைக் கூட்டிவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டு, “கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று காப்பி கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். அந்தப் பையோடு அவள் கொண்டுவந்தது ஒரு செப்புக்குடம். அவளுக்குச் சீராக வந்த குடம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தாய் தங்கிச் சாப்பிடுவது லேசான விஷயம் இல்லை. வளைகாப்பு, பிரசவம், நல்லது கெட்டது என்றால் சரி. நிரந்தரமாகப் போய் உட்கார்ந்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும், அதைவிடப் போனவளே தன்னை ஒரு மாதிரி பார்த்துக்கொள்வாள். வந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள், “மக வூட்டுல உக்காந்து திங்கறதுக்கு நான் வரல. கையி காலு இருக்குது, செஞ்சுட்டுத்தான் திம்பன்.” விடிவதற்குள் வாசல் கூட்டிக் கோலம் போட்டிருப்பாள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் வீட்டிலிருக்கிற அண்டா குண்டான் எல்லாம் ரொம்பியிருக்கும். நான் எழுந்து வரும்போது எனக்குச் செய்ய வேலையே இருக்காது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் முதல் நாள் சமையல்கட்டுக்கு வந்து மெதுவான குரலில் ஒன்று சொன்னார். “இருக்கட்டும். ஆனா உங்கண்ணன் பாரத்த நம்ம மேல தள்ளி வுட்டுட்டானேன்னு நான் ஒரு நாளும் நெனைக்கற மாதிரி ஆயிரக் கூடாது, பாத்துக்க.” அவர் அதைச் சொல்லிவிட்டு மறந்திருப்பார். எனக்கு அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. இவள் இங்கே நிலைக்க வேண்டும். திரும்பவும் அந்தக் கொட்டகை மூலைக்குப் போகக் கூடாது. அந்தக் கோடை முழுக்க எனக்கு வேறு கவலை எதுவும் இல்லை.

அதனால் அவளிடம் பார்த்துப் பார்த்துப் பேசினேன். இது எனக்குப் புதுசு. நானும் அம்மாவும் வாயாரத் திட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள். “போடி, ஒங்கப்பன் மாதிரியே வாயி” என்பாள். “நீ மட்டும் என்னவாம்?” என்பேன். அரை மணி நேரத்தில் ஒரே தட்டில் சாப்பிடுவோம். இங்கே வந்த பிறகு அவள் ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டாலும் “நல்லாயிருக்கும்மா” என்று குடித்தேன். ஒரு சொல் கூடிப் போய், அதை அவர் கேட்டு, அவரும் ஒன்று சொல்லி, அவள் பையைத் தூக்கிவிடுவாளோ என்று பயம்.

அந்தச் செப்புக்குடத்தை அம்மா புளி போட்டுத் தேய்ப்பாள். தேய்த்தால் தகதகவென்று பொன்னாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் அதில் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டு விடிந்ததும் எல்லோருக்கும் அதில்தான் மொண்டு கொடுப்பாள். என் வீட்டுக்காரர் போனில் இதைப் பற்றி ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். “அத்த, செப்புக் கொடத்துத் தண்ணி ஒடம்புக்கு அவ்வளவு நல்லதாமுங்க” என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றில் ஒரு சொம்பு குடித்தார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மாப்பிள்ளை வாய் திறந்து அவளைப் பாராட்டியது அது ஒன்றுக்குத்தான். அன்றிலிருந்து அவர் எழுந்து வரும்போது சொம்போடு தயாராக நிற்பாள்.

சித்திரை வெயிலில் ஒரு காலை, இறால் மணலில் மல்லாந்து கிடந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். கூப்பிட்டதற்கு அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்துச் சிரித்தார். “அது சட்டைய உரிச்சுப் போட்டிருக்குது. உள்ள எங்கியாச்சும் ஒளிஞ்சிருக்கும் பாரு.” இறால் அப்படித் தோலுரிக்கும், உரித்துப் போட்டது அச்சு அசலாகச் செத்த இறால் மாதிரியே இருக்கும் என்று விளக்கம் வேறு. சாயங்காலம் வந்து குச்சியால் புரட்டினார். சட்டை இல்லை, ஆள்தான்.

மறுநாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. நட்சத்திர மீன் கால்களைச் சுருட்டிக்கொண்டது. காளான் மாதிரி விரிந்திருந்த பவளமெல்லாம் வாயை மூடிக்கொண்டது. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. அவர் கடைக்குப் போகவில்லை.

பிறகு ஆரம்பித்தது விசாரணை. வெப்பமானியைப் பார்த்தார், சரியாக இருந்தது. உப்பை அளந்தார், சரியாக இருந்தது. தண்ணீரில் சொட்டு மருந்து மாதிரி எதையோ விட்டு நிறம் பார்த்தார், கொஞ்சம் முன்னே பின்னே. அதெல்லாம் சரியாக இருந்ததால் கோபம் என் பக்கம் திரும்பியது.

“தரைக்கு என்ன ஊத்தித் தொடச்ச?”

“பினாயிலு. என்னைக்கும் ஊத்தறதுதான்.”

“கொசு மருந்து அடிச்சியா?”

“நீங்கதான அந்த மெஷினக் குத்தி வெச்சீங்க?”

“வெள்ளிக்கெழமை சாம்பிராணி போட்ட. அந்தப் பொகைய ஏர் பம்ப்பு உறிஞ்சிருக்கும்.”

“ஆமா, சாமிக்குப் பொகை போட்டா மீனு சாவுது. இனிமே மீனக் கும்புட்டுக்கறன், போங்க.”

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

சாம்பிராணி நின்றது. பினாயில் நின்றது. கொசு மெஷினைப் பிடுங்கிப் போட்டதில் மூன்று பேரும் ராத்திரியெல்லாம் கையைக் காலைத் தட்டிக்கொண்டு கிடந்தோம். புது உப்பு மூட்டை வந்தது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் கலந்து விட்டோம். மெஷின் சொட்டுச் சொட்டாகத் தரும் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து, உப்புக் கரைத்து, சூடு பார்த்து, ஊற்றி, இடுப்பு ஒடிந்துபோனது. ஆபீஸில் உட்கார்ந்தால் கண் சொக்கும். ஒரு நாள் இரண்டு நாள் தேறுகிற மாதிரி இருக்கும், மறுபடியும் பழைய குருடி கதைதான். பாறைக்குள் இருந்த கண்ணுக்குத் தெரியாத புழு பூச்சியெல்லாம் செத்து அழுகித் தண்ணீர் அரிசி களைந்த நீராகக் கலங்கியது. கூடம் நாறியது. அதற்குப் பிறகுதான் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. மஞ்சள் மீன் போனது. நீல மீன் போனது. அந்த ஆரஞ்சு ஜோடி மட்டும் ஒரு மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றது.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. “வேற தொட்டி வெச்சுக்கலாங்க” என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தார். “எதனாலன்னு தெரியாம எத வெச்சாலும் இதே கதிதான்” என்றார். எத்தனை கோபப்பட்டாலும் தாங்கலாம், அந்த மனிதர் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே முடியவில்லை.

மீன் வாங்கின பெங்களூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் சமையல்கட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார், “மொதல்லு எது எது போச்சு சார்?” இவர் சொன்னார். “எலும்பில்லாததெல்லா மொதல்ல போச்சா? மீனு நல்லா இருந்துச்சா? அப்ப காப்பர் சார். எங்கியோ காப்பர் இறங்குது. ஆரோ தண்ணி இருக்குதல்ல, அது வெறும் தண்ணி, எதத் தொட்டாலும் கரைச்சு எடுத்துக்கும். ஒரு காப்பர் ஒயரு, ஒரு காசு, எதனாச்சும் உள்ள இருக்குதா பாருங்க. இறாலு, நத்தைக்கெல்லாம் அது வெஷம்.”

என் கத்தி நின்றுவிட்டது. பக்கத்தில் புளிச்சக்கை வழிந்து குடம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. காப்பர் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது, தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். “ம்மா, காலையில தொட்டிக்குத் தண்ணி நீயா ஊத்தற?”

“பின்ன? நீ பாதிச் சோறு வாயில வெச்சுக்கிட்டு ஓடற. அந்தக் கேனு என்னால தூக்க முடியறதில்ல. அதுக்கோசரம் பொழுதோட மெஷின்ல இருந்து கொடத்துல புடிச்சு வெச்சுருவன். வெடிஞ்சதும் சொம்புல மொண்டு கோடு வரைக்கும் ஊத்திருவன். இப்பப் பாவம் அதுங்களுக்கு ஒடம்பு செரியில்ல, ஒரு சொம்பு சேத்தியே ஊத்தறன். மாப்ளைக்கே ஒத்துக்குதே அந்தத் தண்ணி.”

வந்து ஒரு வாரத்திலேயே அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டாள். கோடு சரியாக இருப்பதைப் பார்த்து அவர் ஊற்றியிருக்கிறார் என்று நான் நினைத்தேன், நான் ஊற்றியிருக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஐயோ, அந்த நேரத்தில் எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் தெரியாது. நாங்கள் ஒரு பக்கம் தண்ணீரை மாற்றி மாற்றி முதுகு ஒடிய, இவள் இன்னொரு பக்கம் பாசத்தோடு விஷத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

“ஏம்மா, ஒன்னிய யாரு ஊத்தச் சொன்னது?” என்று கத்த வாய் வரை வந்துவிட்டது. கத்தவில்லை. கூடத்தில் அவர் இருக்கிறார். தெரிந்தால் என்ன சொல்வாரோ. அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் இவளுக்குத் தெரிந்தால் போதும், தன் கையால் மாப்பிள்ளை ஆசையாக வளர்த்ததைக் கொன்றுவிட்டோம் என்று அந்த நிமிஷமே கிளம்பிவிடுவாள். இரண்டு பேருக்கும் தெரியக் கூடாது. கத்தரிக்காயைத் தாளித்து இறக்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அம்மா பின்பக்கம் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துக் குடத்தைத் துடைத்து, பழைய சேலை சுற்றிப் பரண் மேல் போட்டேன். அவள் தேடினாள். “அடியில நசுங்கியிருந்துச்சும்மா, தட்டி வாங்கலாம்னு கடையில குடுத்திருக்கேன்” என்றேன்.

“நசுங்கலையே. இப்பத்தான தேச்சன்?”

“நீ பாக்கல. அப்பறம், தொட்டிக்கு இனிமே நானே ஊத்திக்கறேன். நீ அந்தப் பக்கம் போவாத, என்ன? அவரு ஏற்கெனவே மனசு செரியில்லாம இருக்காரு.”

“நான் என்ன பண்ணன்?”

“ஒண்ணும் பண்ணல. நீ உக்காரு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சல் வந்தது. காப்பர் இருக்கிறதா என்று பார்க்கிற மருந்து. அதற்குள் இவர் தொட்டியில் கையை விட்டு ஒயர், பம்ப்பு, கண்ணாடி துடைக்கிற காந்தம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் பார்த்திருந்தார், ஒன்றிலும் குற்றம் இல்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினார். அம்மாவும் நானும் பின்னால் நின்றோம். தண்ணீர் நீலம் தட்டியது. குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சத்தமாகவே சொன்னார்.

“என் கையிதான். நாளெல்லாம் மோட்டார் கம்பிய உருவற கையி. எவ்வளவு கழுவுனாலும் நகக்கண்ணுல இருக்குமில்ல. நானே தான் கொன்னுட்டன்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் பேசினாள். “ஐயோ வுடுங்க மாப்ள. தெரிஞ்சா பண்ணீங்க? ஆசையா வளத்தவரு கையி அப்படிப் பண்ணுமா? மனச வுட்றாதீங்க.”

“செரிங்க அத்த” என்றார்.

செம்பை இழுத்துக்கொள்ளும் கரித்தூள் பையைத் தொட்டியில் தொங்கவிட்டோம். தண்ணீரை மறுபடி மறுபடி மாற்றினோம். நீலம் நாளுக்கு நாள் வெளுத்தது. ஆரஞ்சு ஜோடி இரை தின்ன ஆரம்பித்தது. பாறை செம்பை உறிஞ்சி வைத்திருக்கும், இனி இந்தத் தொட்டியில் இறாலும் நத்தையும் தங்காது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மீன் மட்டும் இருந்தால் போதும் என்று இவர் சொன்னார். குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் பேசாமல் வாங்கிக் குடித்தார். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அம்மாவைத்தான் நான் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது, இவள் எதைத் தொட்டு என்ன ஆகுமோ என்று. அவள் துடைப்பத்தை எடுத்தால் “வுடும்மா, நான் பாத்துக்கறேன்”. பாத்திரத்தை எடுத்தால் “உக்காரும்மா”. அவரும் என்றும் இல்லாத மரியாதையில், “நீங்க ஏனுங்க அத்த செரமப்படறீங்க, உக்காருங்க” என்று ஆரம்பித்தார். தண்ணீர் பிடிக்க மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போட்டார். டிவி முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். அதில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு குறைந்தது. கேட்டால் “பசிக்கல” என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள்.

வைகாசி பிறந்ததும் ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தால் பை கட்டி வைத்திருக்கிறாள். தானே அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். “மாடு பாக்க ஆளு இல்லையாம். கறவை வேற. நான் போறன் பாப்பா.”

“அங்க போயி மறுபடியும் புல்லுக்கட்டுத் தூக்கப் போறியா? அண்ணி பேச்ச மறந்துட்டியா?”

“பேசுவா. பேசிட்டுப் போறா.”

என்ன சொல்லியும் நிற்கவில்லை. கெஞ்சினேன், அழுதேன் கூட. தன் குடத்தைக் கேட்டாள். பரணிலிருந்து எடுத்து, கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரி கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். தட்டின அடையாளம் ஒன்றும் இல்லை. என்னை ஒன்றும் கேட்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அவர் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய் அரூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு வந்தார்.

வந்தவர் தொட்டி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் லீவு போட்டிருந்தேன். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார், “நீயாச்சும் அவங்ககிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லியிருக்கலாமில்ல, கொடத்துத் தண்ணிய ஊத்த வேண்டாமுன்னு.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“கடைக்காரரு காப்பருன்னு சொன்ன ஒடனே தெரியும். அத்த சொம்புல ஊத்தறத ஒரு நாளு பாத்திருக்கேன், அப்ப ஒண்ணும் தோணல. அன்னைக்கு மருந்து நீலமா மாறுச்சு, பின்னாடி அவங்க நிக்கறாங்க. தெரிஞ்சா கெளம்பிருவாங்களேன்னுதான் என் கையின்னு சொன்னன்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை ஆத்திரம். “அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு ஒங்களுக்கு? நான் உள்ளுக்குள்ள செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன்!”

“நீ எங்கிட்டச் சொன்னியா?”

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருத்திக்காகத் தனித்தனியே வாயைப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த ஒருத்தி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

அவர்தான் போன் போடச் சொன்னார். “எல்லாத்தயும் சொல்லிரு. வரச் சொல்லு. நான் போயி கூட்டிட்டு வர்றன்.” சாயங்காலம் வரை மனதைத் தேற்றிக்கொண்டு போட்டேன். எடுத்தாள். பின்னால் மாடு கத்துவது கேட்டது. குடம், தண்ணீர், இறால், பரண், அவர் சொன்ன பொய், நான் சொன்ன பொய் என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ போய்விடக் கூடாது என்றுதான் மறைத்தோம் என்றேன். அழுகிறாளோ என்று பயந்து “ம்மா?” என்றேன்.

“இதுக்காடி?” என்றாள். “அத்தன மீனக் கொன்னவள ரெண்டு வார்த்த திட்ட ஒனக்கு வாயி இல்லாமப் போச்சா? பொறந்ததுல இருந்து என்னிய எத்தினி பேசியிருக்க நீ. மாப்ளயாச்சும் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். வாங்கிக் கட்டிக்கிட்டு அங்கியே ஒரு ஓரமா இருந்திருப்பன். நீயும் உக்காரும்மாங்கற, அவரும் உக்காருங்க அத்தங்கறாரு. விருந்தாளியத்தான்டி யாரும் திட்ட மாட்டாங்க. வந்த விருந்தாளி எத்தினி நாளைக்குத்தான் உக்காந்திருக்கறது?”

“இப்பத் திட்டறேன்மா. வந்துரும்மா” என்றேன்.

அந்தப் பக்கம் அண்ணி எதற்கோ உரக்கக் கூப்பிடுவது கேட்டது. “வர்றன், வர்றன், ஏன் கத்தற?” என்று அவளுக்குப் பதில் சொன்னாள் அம்மா, எனக்குப் பழக்கமான அந்தப் பழைய குரலில். பிறகு என்னிடம், “மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வெக்கறன்” என்றாள்.